எதிர்பாராதவிதமாக டயர் வெடித்து...

திங்கட்கிழமை பேப்பரை எடுத்தா ஏதாவது ஒரு மூலையில இந்த மாதிரி ஒரு செய்தி இருக்கும். குடும்பத்தோட கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தாங்க. நாலு வழிச் சாலை. "எதிர்பாராதவிதமாக" டயர் வெடித்து, கார் கட்டுப்பாட்டை இழந்து, தடுப்புச் சுவரில் மோதி... நாமளும் 'ஐயோ பாவம், விதி'ன்னு உச்சுக் கொட்டிட்டு சினிமா பக்கத்துக்குப் போயிடுவோம்.

எனக்கு அந்த "எதிர்பாராதவிதமாக"ங்கற வார்த்தை மேலதான் கோபம். இடி விழுறது எதிர்பாராதது. மரம் சாயறதைக் கூட ஒத்துக்கலாம். ஆனா டயர் வெடிக்கிறது பெரும்பாலும் அப்படிக் கிடையாது. அது பல நாளா, பல மாசமா உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டிருந்த ஒரு சமாச்சாரத்தோட கடைசி நிமிஷம். அதுக்கு முன்னாடி யாரும் குனிஞ்சு பார்க்கலை, அவ்வளவுதான்.

இதை நான் மட்டும் சொல்லலை, கோர்ட்டே சொல்லியிருக்கு. 2010ல புனேவுல இருந்து மும்பைக்குப் போன ஒரு காரோட பின்சக்கர டயர் வெடிச்சு, வண்டி பள்ளத்துல விழுந்து, உள்ள இருந்த ஒருத்தர் இறந்து போனார். அவரோட குடும்பத்துக்கு ஒண்ணேகால் கோடி இழப்பீடு தரச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. அதை எதிர்த்து அப்பீலுக்குப் போன இன்சூரன்ஸ் கம்பெனி என்ன வாதாடினாங்க தெரியுமா? டயர் வெடிச்சது "கடவுளின் செயல்", அதனால ஓட்டினவர் மேல தப்பில்லைன்னு! 2023ல மும்பை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. மனுஷனால கட்டுப்படுத்த முடியாத இயற்கைச் சக்திக்குத்தான் கடவுளின் செயல்னு பேரு, டயர் வெடிக்கிறது மனுஷனோட அலட்சியம், கிளம்பும்போதே டயர் நல்லா இருக்கான்னு பார்க்க வேண்டியது ஓட்டுறவரோட வேலை - இதுதான் தீர்ப்போட சாரம்.

ஆக, கடவுளை இதுல இழுக்காதீங்கன்னு சட்டப்படியே சொல்லியாச்சு. ஆனா நாம இன்னும் கடவுள் கிட்டதான் விட்டிருக்கோம். புது வண்டி எடுத்தா நாலு டயருக்கும் அடியில நாலு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டயருக்கு சந்தனம் குங்குமம் வைக்கிறோம். நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா குங்குமம் வைக்கக் குனியறப்பவே அந்த டயர்ல பட்டன் இருக்கா, பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருக்கான்னு ஒரு பார்வை பார்த்துட்டு நிமிர்ந்தா என்னவாம்?

உள்ளங்கை கணக்கு

ஒரு காருக்கும் ரோட்டுக்கும் இருக்கிற உறவு, டயருக்கு ஒரு உள்ளங்கை அளவு இடம்தான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. ஒரு டன்னுக்கு மேல எடையுள்ள வண்டியை நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓட்டறதும், திருப்பறதும், நிறுத்தறதும் அந்த நாலு உள்ளங்கைதான். நம்மாளு வண்டி வாங்கும்போது ஏபிஎஸ் இருக்கா, ஆறு ஏர்பேக் இருக்கான்னு கேட்பார், "எவ்வளவு கொடுக்குது?"ன்னு மைலேஜ் கேட்பார். ஏபிஎஸ் எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் கடைசியில அந்த உள்ளங்கை ரோட்டைப் பிடிச்சாத்தானே வண்டி நிக்கும்?

இத்தனைக்கும் டயர்ங்கறது நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. எம்.ஆர்.எஃப். 1946ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் பண்ற கொட்டகையாத்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கு அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகைன்னு சென்னையைச் சுத்தி டயர் ஃபேக்டரிகள்தான். ஊருக்கே டயர் பண்ணித் தர்ற மாநிலத்துல, சொந்த வண்டி டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு கேட்டா பத்துல எட்டு பேர் முழிப்பாங்கன்னு நான் பந்தயம் கட்டுவேன்.

வெயில்ல காத்தைக் குறைக்கலாமா?

ஏப்ரல் மே வந்தா பெட்ரோல் பங்க்ல இருந்து வாட்ஸப் வரைக்கும் ஒரு அறிவுரை சுத்தும். 'வெயில் காலம் சார், காத்தைக் கொஞ்சம் கம்மியா வச்சுக்குங்க, இல்லாட்டி சூட்டுல விரிஞ்சு வெடிச்சிடும்.' கேட்க நல்லா நியாயமாத்தான் இருக்கு. ஆனா விஷயம் தலைகீழ்.

டயர் சூடாகறதுக்கு முக்கியக் காரணம் சூரியன் இல்லை, அது நசுங்கி நசுங்கி நிமிர்றதுதான். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா மடங்குற இடம் சுடும், கடைசியில ஒடியும். சின்ன வயசுல எல்லாரும் பண்ணியிருப்போம். டயரோட பக்கச்சுவரும் அப்படித்தான். நூறுல போற காரோட சக்கரம் ஒரு செகண்டுக்கு சுமார் பதினஞ்சு சுத்து சுத்துது. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை வளைஞ்சு நிமிருது. காத்து குறைஞ்சா வளைவு அதிகம், வளைவு அதிகமானா சூடு அதிகம். சூடு ஏற ஏற உள்ள இருக்கிற ரப்பருக்கும் கம்பி வலைக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு விட்டுப்போகுது. மேல சுமை, கூட வேகம், கீழ கொதிக்கிற தார் ரோடு எல்லாம் சேர்ந்தா, கதை முடிஞ்சது.

ஓடும்போது நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறத்தான் செய்யும். அதையும் கணக்குல எடுத்துத்தான் கம்பெனிக்காரன் "குளிர்ந்த நிலையில 32" அப்படின்னு எழுதி வச்சிருக்கான். சூடான டயர்ல 36 காட்டுதேன்னு காத்தைப் பிடுங்கி விட்டீங்கன்னா, மறுநாள் காலையில அது 28ல நிக்கும். அப்புறம் அந்த 28லயே ஏழு பேரை ஏத்திக்கிட்டு, மேல கேரியர்ல லக்கேஜையும் கட்டிக்கிட்டு திருச்செந்தூர் கிளம்புவோம்.

இதுக்கு உலகமே பார்த்த உதாரணம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள்ல வந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடிக்கிட்டிருக்கும்போதே மேல்பட்டை உரிஞ்சு வண்டிகள் கவிழ்ந்துச்சு. 200 பேருக்கு மேல செத்துப் போனாங்க. 2000 ஆகஸ்ட்ல 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைச்சாங்க. அரிசோனா, டெக்சஸ், ஃப்ளோரிடா மாதிரி வெயில் மாநிலங்கள்லதான் விபத்து அதிகம். டயர் சரியில்லைன்னு ஃபோர்டு சொல்ல, நீங்க சிபாரிசு பண்ண 26 பிஎஸ்ஐ ரொம்பக் கம்மின்னு ஃபயர்ஸ்டோன் சொல்ல, பெரிய குடுமிப்பிடி சண்டை. அதுல யார் பக்கம் எவ்வளவு தப்புங்கறது தனிக்கதை. நமக்கு வேண்டிய பாடம் வெயில், வேகம், பாரம், குறைஞ்ச காத்து நாலும் கூட்டணி வச்சா என்ன ஆகும்ங்கறது. அதுக்கப்புறம் சட்டம் போட்டு, 2007 செப்டம்பர்ல இருந்து அங்க விக்கிற எல்லாப் புதுக் கார்லயும் காத்து குறைஞ்சா எச்சரிக்கிற கருவி இருந்தாகணும்னு ஆக்கிட்டாங்க.

இப்ப நம்ம ஊர் கார்கள்லயும் அந்தக் கருவி வருது. சந்தோஷம். ஆனா ஒண்ணு, அமெரிக்கச் சட்டப்படியே அந்த விளக்கு எரிய வேண்டியது, இருக்க வேண்டியதுல கால்வாசி குறைஞ்ச பிறகுதான். 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வந்தா எரியும். 26ல எரியாது. 'லைட் எரியலையே'ன்னு நிம்மதியா இருக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இருபது கிராம் என்ன பண்ணும்?

வீல் பேலன்ஸிங்னு சொன்னாலே 'அது கடைக்காரன் காசு பிடுங்கற வழி'ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

எந்த டயரும் ரிம்மும் நூத்துக்கு நூறு சமமா இருக்காது. ஒரு பக்கம் சில கிராம் கனமா இருக்கும். ரிம் ஓரத்துல வெறும் இருபது கிராம் வித்தியாசம்னு வச்சுக்குங்க. நின்னுக்கிட்டிருக்கிற வண்டியில அது ஒண்ணுமே இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்துல, ஒரு சாதாரணக் கார் சக்கரத்துல, அது மூணு கிலோவுக்கு மேல இழுக்கும். அதுவும் செகண்டுக்குப் பதினஞ்சு தடவை, மேலயும் கீழயும். யாரோ சக்கரத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு விடாம சுத்தியலால தட்டற மாதிரி. வேகம் ரெட்டிப்பானா இந்த இழுப்பு நாலு மடங்காகும். அதனாலதான் ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாம, பைபாஸ் ஏறி எண்பது தொண்ணூறு தொட்ட உடனே ஸ்டியரிங் உதற ஆரம்பிக்குது.

அந்த உதறல் கைக்கு மட்டும் எரிச்சல் இல்லை. வீல் பேரிங், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாத்தையும் தின்னும். டயர் அங்கங்க குழி குழியா தேயும். ஸ்டியரிங் உதறினா பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டும் தரையும் உதறினா பின்சக்கரம்னு சந்தேகப்படுங்க. பேலன்ஸிங் பண்ணியும் உதறல் நிக்கலைன்னா ரிம் நெளிஞ்சிருக்கலாம், டயருக்குள்ள வலை விட்டிருக்கலாம். டயர்ல எங்கயாவது கொப்புளம் மாதிரி புடைச்சிருந்தா, அதுக்கு மேல பேரமே வேண்டாம். அந்த டயரைக் கழட்டிடுங்க.

இன்னொண்ணு, பேலன்ஸிங்கும் அலைன்மெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய. ரெண்டும் வேற. பேலன்ஸிங் சக்கரத்தோட எடையைச் சமமாக்கறது. ரிம்ல ஒட்டற, அடிக்கிற அந்தச் சின்ன ஈயக்கட்டி சமாச்சாரம். அலைன்மெண்ட்ங்கறது நாலு சக்கரமும் சரியான கோணத்துல நிக்குதான்னு பார்க்கறது. நம்ம ஊர்ல பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கருக்கும், மழை முடிஞ்ச கையோட முளைக்கிற பள்ளத்துக்கும் குறைச்சலே இல்லை. பாதிக் குத்தம் ரோடு போட்டவங்க மேலதான், ஒத்துக்கறேன். ஆனா பள்ளத்துல இறங்கின பிறகு வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு தெரிஞ்சும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆறு மாசம் ஓட்டறதுக்கு மாநகராட்சி என்ன பண்ணும்?

டயர் தானா பேசும், படிக்கத் தெரிஞ்சா போதும். நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மெண்ட். குழி குழியா இருந்தா பேலன்ஸிங் இல்லைன்னா ஷாக் அப்சார்பர்.

வண்டி ஓடவே இல்லை சார்

டயருக்கு வயசு உண்டு, அது டயர் மேலயே எழுதியிருக்கு. பக்கச்சுவர்ல "டாட்" எழுத்துகளோட ஆரம்பிக்கிற வரிசையோட கடைசியில நாலு எண் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் பண்ணினதுன்னு அர்த்தம். பழைய கார் வாங்கப் போறப்ப எல்லாரும் ஓடின கிலோமீட்டரைத்தான் பார்க்கறாங்க, இதைப் பார்க்கறதில்லை.

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு சார் இருக்கார். காரைப் பொத்திப் பொத்தி வச்சிருப்பார். ஒன்பது வருஷத்துல இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. 'பட்டன் அப்படியே இருக்கு பாருங்க, புது டயர் மாதிரி'ன்னு பெருமையா காட்டினார். உண்மைதான், பட்டன் அப்படியே இருந்துச்சு. பக்கச்சுவர்ல மயிரிழை மயிரிழையா வெடிப்பும் இருந்துச்சு. ரப்பர் ஓடினாத்தான் தேயும், ஆனா ஓடாட்டியும் காயும். வெயில்ல நின்னு நின்னே இறுகிப் போகும். டயர் கம்பெனிகள்ல சில பேர் அஞ்சு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் சோதிக்கச் சொல்றாங்க, பத்து வருஷத்துக்கு மேல எப்படி இருந்தாலும் வேண்டாம்ங்கறாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஆறு வருஷமே போதும்ங்கறது என் கட்சி. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். டிக்கியில படுத்துக்கிட்டிருக்கிறதால அதுக்கு இளமை திரும்பாது :-)

தேய்மானத்துக்கு நம்ம சட்டமே எல்லை வச்சிருக்கு, காருக்கு 1.6 மில்லிமீட்டர். அளக்க ஸ்கேல் எல்லாம் தேவையில்லை. பள்ளத்துக்குள்ள அங்கங்க சின்னச் சின்ன மேடு இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமா வந்துட்டா டயர் மாத்தற நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில ரோட்டுல தேங்கற தண்ணியை ஒதுக்கித் தள்ளறது அந்தப் பள்ளம்தான். அது இல்லைன்னா டயர் தண்ணி மேல மிதக்கும். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அப்ப சும்மா அலங்காரம்.

நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேட்பீங்க. நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். விமான டயருக்கு அது அவசியம். கார்ல ஈரப்பதம் குறையும், காத்து கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்வளவுதான் லாபம். 'நைட்ரஜன் அடிச்சாச்சு'ன்னு மூணு மாசம் செக் பண்ணாம விடறதை விட, மாசா மாசம் பங்க்ல ஓசிக் காத்து அடிக்கிறது எவ்வளவோ மேல்.

டிரைவர் தம்பியும் ஓனர் அண்ணாச்சியும்

இதெல்லாம் சொந்த வண்டிக்கு. எனக்கு நிஜமாவே கவலை வாடகை வண்டிங்க மேலதான்.

கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஆறு கோயில் ஒரே நாள்ல பார்க்கறதுக்குன்னு வேன் எடுக்கறோம். டிரைவர் தூங்காம ஓட்டுவாரான்னு கேட்போம், ஏசி வேலை செய்யுதான்னு கேட்போம், கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு அரை மணி நேரம் பேரம் பேசுவோம். டயரை யாராவது பார்த்திருக்கோமா? டயர் மாத்தற முடிவு ஓனர் கையில. மொட்டை டயர்ல ஓட்டி உசுரைப் பணயம் வைக்கிறது டிரைவர். விபத்துன்னு வந்தா முதல்ல கேஸ் விழறதும் டிரைவர் மேலதான். 'டயர் போயிடுச்சுண்ணே, மாத்துங்க'ன்னு கேட்டா, 'இந்த சீசன் முடியட்டும்டா'ங்கற பதில் வர்ற இடத்துல அந்தத் தம்பியால என்ன பண்ண முடியும்? வேலையை விடவா முடியும்?

நம்மால முடியும். காசு கொடுக்கறது நாமதானே. முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து, நாலு டயரையும் பார்த்துட்டு, 'இந்த டயரோட எங்க வீட்டுப் பிள்ளைங்களை ஏத்த மாட்டோம், வேற வண்டி அனுப்புங்க'ன்னு சொல்லிப் பாருங்க. நாலு பேர் இப்படிக் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு நல்ல டயரோட வண்டி வரும். டிரைவர் பத்து தடவை கெஞ்சியும் நடக்காத காரியம், ஒரு பார்ட்டி கைவிட்டுப் போனா நடக்கும்.

ரீட்ரெட் டயர் போட்டிருந்தாலே தப்பான்னா, இல்லை. முறையாப் பண்ணின ரீட்ரெட்ல அரசு பஸ் ஓடுது, விமானமே இறங்குது. தப்பு எதுன்னா, யாரோ கழட்டிப் போட்ட, எங்க அடிபட்டுச்சுன்னே தெரியாத பழைய டயரை மலிவா வாங்கி மாட்டறது.

மாசம் பத்து நிமிஷம்

சரி, என்னதான் பண்ணணும்?

* டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு அதுல இருக்கு. முழுப் பாரத்துக்குத் தனி அளவும் இருக்கும். டயர் மேல எழுதியிருக்கிறது அதிகபட்சம், அது உங்க அளவு இல்லை.

* மாசம் ஒரு தடவை, நீண்ட பயணத்துக்கு முன்னாடி ஒரு தடவை, காலையில வண்டி சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க. பங்க்ல இறங்கி நின்னு பாருங்க. கண்ணாடியை இறக்கி 'நாலுலயும் அடிச்சு விடுப்பா'ன்னு சொன்னா எல்லா வண்டிக்கும் 35 அடிச்சு விடுவாங்க, அவங்க அவசரம் அவங்களுக்கு. சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வச்சுக்கறது இன்னும் நல்லது.

* ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு டயர். மறக்காதீங்க.

* எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை முன்னும் பின்னும் மாத்திப் போடுங்க. அப்பவே பேலன்ஸிங், அலைன்மெண்ட் பார்த்துடுங்க. புது டயர் போட்டா, ரிம் கழட்டி பஞ்சர் போட்டா, கட்டாயம் பேலன்ஸிங்.

* ரெண்டே டயர் புதுசு வாங்கினா அதைப் பின்னாடி போடுங்க. எல்லாரும் முன்னாடிதான் போடுவாங்க. ஆனா ஈர ரோட்டுல முன்சக்கரம் வழுக்கினா ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினா வண்டியே சுத்திடும்.

* பக்கச்சுவர்ல பஞ்சர்னா ஒட்டாதீங்க. அந்த டயர் முடிஞ்சது.

இது எல்லாத்துக்கும் ஆகற செலவு, வருஷத்துக்கு ரெண்டு தடவை குடும்பத்தோட ஹோட்டலுக்குப் போற பில் அளவுக்குத்தான் வரும். மிச்சமெல்லாம் குனியற சிரமம் மட்டும்தான்.

இதைப் படிச்சு முடிச்சதும் கீழ போய் உங்க வண்டி டயர்ல அந்த நாலு எண்ணைப் பாருங்க. என்ன வருஷம்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. யாரோடது ரொம்பப் பழசுன்னு பார்ப்போம். ஜெயிக்கிறவங்களுக்குப் பரிசு கிடையாது, நேரா டயர் கடைக்குப் போகணும் :-)

பி.கு.: டூ வீலர் டயர் பத்தியும் எழுதச் சொல்லி ரெண்டு நண்பர்கள் கேட்டிருக்காங்க. ரெண்டே உள்ளங்கையில ஓடற வண்டி, அதனால அதுக்குத் தனிப் பதிவே போட்டுடலாம். அதுவரைக்கும் காத்து செக் பண்ணிக்குங்க மக்களே.